முதல் வேலைக்குச் சிவி எழுதுவது எப்படி? மொரிசியஸ் இளைஞர்களுக்கான செய்முறை விளக்கம்

எச்எஸ்சி முடித்து வேலை தேடத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர், இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிச் சிவி (தன்விவரக் குறிப்பு) படிவத்தை நிரப்பி, அதையே எபேனில் உள்ள அழைப்பு மையத்துக்கும் கிரான் பே ஓட்டலுக்கும் போர்ட் லூயிஸ் வங்கிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் அலுவலரோ, தாம் விளம்பரத்தில் கேட்ட வேலையை இவரால் செய்ய முடியும் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்றுதான் தேடுகிறார். அந்தச் சான்று அவர் கண்ணில் உடனே படும்படி எழுதும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: விளம்பரத்தைப் படியுங்கள்

என்னென்ன பணிகள், எந்த மொழிகள், எந்த மென்பொருள், ஷிஃப்ட் உண்டா என்பவற்றை ஒரு தாளில் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் உங்களிடம் உள்ளவற்றுக்கு நேரே, அதை எங்கே, எப்போது செய்தீர்கள் என்று குறித்துவைத்தால், சிவியில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் சிவியும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பிரெஞ்சில் இருந்தால் பிரெஞ்சிலேயே எழுதுங்கள். நேர்காணலில் கிரியோல் புழங்கினாலும் சிவியைக் கிரியோலில் எழுதும் வழக்கம் இல்லை. அரசுப் பணிக்குப் பொதுச் சேவை ஆணையத்துக்கென்று தனி விண்ணப்பப் படிவம் உள்ளதால், சிவி மட்டும் அங்கே போதாது.

இரண்டாம் படி: தலைப்பகுதி

பெயர், ஊர், +230 உடன் எட்டு இலக்கக் கைப்பேசி எண், உங்கள் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரி ஆகிய நான்கும் போதும். பெற்றோர் பெயர், மதம், திருமண நிலை ஆகியவை தேவையில்லை. தேசிய அடையாள அட்டை எண்ணையும் எழுதாதீர்கள். அந்த எண்ணுக்குள்ளேயே உங்கள் பிறந்த தேதி அடங்கியிருக்கிறது. வேலை உறுதியான பிறகு நிறுவனம் கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: படிப்பு

அண்மையில் முடித்ததை முதலில் எழுதுங்கள். எச்எஸ்சி என்றால் ஆண்டு, பள்ளி, முதன்மைப் பாடங்கள், அவற்றில் பெற்ற தரம். அதன் கீழ் எஸ்சி (ஸ்கூல் சர்டிபிகேட்) தேர்வு. எம்ஐடிடி போன்ற பயிற்சி நிலையத்தில் தொழிற்பயிற்சி முடித்திருந்தால் சான்றிதழின் முழுப் பெயரையும் நிலையையும் எழுதுங்கள். தொடக்கப் பள்ளித் தேர்வு முடிவுகளை யாரும் தேடுவதில்லை.

நான்காம் படி: அனுபவம்

பலர் தயங்கி நிற்கும் இடம் இதுதான். 'எனக்கு அனுபவமே இல்லையே' என்று இந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறவர்களிடம் விசாரித்தால், மாமாவின் கடையில் விடுமுறை முழுவதும் கல்லாவில் இருந்திருப்பார்கள், அல்லது கோயில் திருவிழாவில் பெரிய பொறுப்பைச் சுமந்திருப்பார்கள். சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். அதை எழுதும் விதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

எடுத்துக்காட்டாக, ஓட்டல் வரவேற்புப் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், 'கோயிலில் தொண்டு செய்தேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. அதையே, 'தைப்பூசக் காவடி நாளில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு பரிமாறிய 12 தொண்டர்களுக்கு நேர அட்டவணை தயாரித்து, பந்திக்குக் காத்திருந்தவர்களை வரிசைப்படுத்தி, முதியவர்களை முதலில் அமர்த்தினேன்' என்று எழுதினால், கூட்டத்தைச் சமாளிப்பது, பிறரை வேலை வாங்குவது, விருந்தினரைக் கவனிப்பது ஆகிய மூன்றும் ஒரே வரியில் தெரிந்துவிடும். ஓட்டல்காரர் தேடுவதும் இவற்றைத்தான். எண்ணிக்கை தெரிந்தால் எழுதுங்கள். ஆனால் கூட்டிச் சொல்லாதீர்கள், நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

இந்த வரிகளில் 'நான்' என்ற சொல் வேண்டியதில்லை. ஆங்கிலச் சிவியில் ஒவ்வொரு வரியும் இறந்தகால வினைச்சொல்லில் தொடங்கும். பிரெஞ்சுச் சிவியில் பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் தொடங்கும். ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே பிரெஞ்சுக்கு மாற்றுபவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஐந்தாம் படி: மொழிகள்

எல்லா மொழிக்கும் 'சரளம்' என்று எழுதுவதைவிட, பேச்சு, வாசிப்பு, எழுத்து எனப் பிரித்துக் காட்டுவது நம்பிக்கை தரும். பிரெஞ்சுக்கு ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய அளவுகோலைப் பயன்படுத்தலாம். தமிழை எஸ்சி வரை படித்தவர்கள்கூட அதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டு விருந்தினர் வந்து தங்கும் ஓட்டலுக்கு அது பயன்படும் திறமை, தயங்காமல் எழுதுங்கள்.

ஆறாம் படி: வடிவமும் கோப்பும்

பள்ளி முடித்தவருக்கு ஒரு பக்கம் போதும். எழுத்தளவு 11, ஒரே நெடுவரிசை, அட்டவணைகளோ அலங்காரப் படங்களோ இல்லாத அமைப்பு ஆகியவை நல்லது. பெரிய நிறுவனங்களில் சிவியை முதலில் மென்பொருள் படிப்பதுண்டு, இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்த பக்கத்தில் அது வரிகளைக் குழப்பிவிடக்கூடும். கேட்டால் மட்டுமே புகைப்படம். பரிந்துரையாளராக ஓர் ஆசிரியரின் பெயரைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

முடித்ததும் பிடிஎஃப் ஆக மாற்றி, கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியின் பெயரையும் இடுங்கள். பிறகு பிரெஞ்சோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் விளம்பரத்தைக் காட்டாமல் சிவியை மட்டும் கொடுத்து, இது எந்த வேலைக்கானது என்று கேளுங்கள். அவர் தவறாகச் சொன்னால் நான்காம் படிக்குத் திரும்பிச் சென்று வரிகளைத் திருத்துங்கள். சரியாகச் சொன்னால், விளம்பர எண்ணை மின்னஞ்சல் தலைப்பில் குறிப்பிட்டு அனுப்பிவிடலாம்.