அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பகிர்வு சிக் லீவ் பெறுவது எப்படி?

அமெரிக்க அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவருக்குப் பெரிய நோய் வந்து, சேர்த்து வைத்த லீவெல்லாம் கரைந்துவிட்டால், சக ஊழியர்கள் தங்கள் லீவைக் கொடுத்து உதவலாம். எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தகுதியுள்ளவரின் வேலையை 12 வாரம் காப்பாற்றும், சம்பளம் தராது. அந்தச் சம்பளத்துக்குத்தான் இந்த ஏற்பாடு.

இதில் இரண்டு முறைகள் உண்டு. உங்கள் பள்ளி டிஸ்ட்ரிக்டில் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) எது என்று எச்.ஆரிடம் (பணியாளர் பிரிவு) இப்போதே கேளுங்கள். 'சிக் லீவ் பேங்க்' என்ற பொது லீவ் சேமிப்பு என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓரிரு நாள் லீவைப் போட்டு உறுப்பினராக வேண்டும். பல இடங்களில் சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறைதான். நோய் வந்தபின் கேட்டால் கிடைக்காது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். சக ஊழியர்கள் உங்களுக்கே லீவைக் கொடுக்கும் நேரடி நன்கொடை முறையில் முன்கூட்டிச் சேர வேண்டியதில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் இந்த இரண்டாவது முறை உண்டு. அங்கே தீவிரமான நோய், காயத்தோடு, குடும்பத்தினரின் நோய்க்கும் பிரசவத்துக்கும்கூட லீவ் பெறலாம். கையிருப்பு முழுக்கத் தீர வேண்டியதில்லை. சிக் லீவில் 40 மணி, விடுமுறை லீவில் 40 மணி வரை வைத்துக்கொள்ளலாம். பணிக்காலம் முழுவதிலும் இப்படிப் பெறும் லீவுக்கு உச்சவரம்பு பொதுவாக 522 நாள். சிக் லீவ் கொடுப்பவரிடம் கொடுத்தபிறகும் 176 மணி மிஞ்ச வேண்டும். கணக்கு மணிக்கு மணி அல்ல, பண மதிப்பில். மணிக்கு 60 டாலர் வாங்குபவர் தரும் ஒரு மணி, 30 டாலர் வாங்குபவருக்கு இரண்டு மணி.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது டாக்டர் சர்டிபிகேட்டில்தான். 'ஓய்வு தேவை' என்ற ஒற்றை வரி போதாது. நோயின் தீவிரம், எந்தத் தேதியிலிருந்து வேலை செய்ய முடியாது, உத்தேசமாக எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இடைவெளி விட்டு கீமோதெரபி என்றால், மாதத்துக்கு எத்தனை நாள் என்றும் எழுதி வாங்குங்கள். லீவ் தீர்வதற்குச் சில வாரம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒப்புதலும் நன்கொடை திரட்டலும் நாள் பிடிக்கும். நடுவில் சம்பளம் நின்றால் இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்தமும் சிக்கலாகும்.

ஊழியர்களுக்கு வேண்டுகோள் அனுப்பும்போது நோயின் பெயரைப் போட வேண்டுமா என்பது உங்கள் முடிவு. வேண்டாமென்றால் எச்.ஆரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்படி வரும் தொகை உங்களுக்குச் சம்பளமாகவே வரிக்கு உட்படும். கொடுத்தவருக்கு வரிக்கழிவு இல்லை. வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் எழுதித் தந்ததும் பே-ரோலுக்கு (சம்பளப் பிரிவு) தெரிவியுங்கள். வாஷிங்டனில் மிச்ச லீவ் கொடுத்தவர்களுக்கே விகிதப்படி திரும்பும். அவர்களுக்கும் நாளை அது தேவைப்படலாம்.