லெகோ மாதிரிகளுக்கு மோட்டர் பூட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் திருகோணமலையில் என் வீட்டு விறாந்தைக்கு லெகோ கட்டைகளால் செய்த மாதிரிகள் வரத் தொடங்கிவிடும். துறைமுகத்துப் பாரந்தூக்கி, கிண்ணியாப் பாலம், சீனக்குடா வழியாக வரும் ரயில் என்று எல்லாம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டரைப் பூட்டி ஆளியை அழுத்தினால் அசையமாட்டா. நான் பழகிய காலத்துப் பிழைகளையே இவர்களும் வரிசை பிசகாமல் செய்வதைப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன். பற்றரியைத் தலைகீழாகப் போடுவது, சிறு துண்டுகளைத் தொலைப்பது போன்றவை தாமாகத் திருந்தக்கூடியவை. அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

பசை

எந்த இடத்திலும் வேண்டாம்.

ஓடாத மாதிரிக்குப் பெரிய மோட்டர் தேடுதல்

கையிலுள்ள பணத்தைக் கரைப்பதும் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவதும் இந்தத் தவறுதான். மோட்டர் உறுமுகிறது, சில்லு சுழலவில்லை என்றவுடன் மோட்டருக்குப் பலம் போதாது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உடனே லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையிலுள்ள நடுத்தர எம் மோட்டரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய எக்ஸ்எல் மோட்டரைப் பூட்டுகிறார்கள். அதுவும் திணறினால் 9 வோல்ற் பற்றரிப் பெட்டியை ஒதுக்கிவிட்டு மூன்று கல லிதியம் பற்றரியை இணைக்கிறார்கள். சில்லு சேற்றில் புதைந்த வண்டிக்கு மாட்டை அடிப்பதைப் போன்ற வேலை இது.

உப்புவெளியிலிருந்து வரும் ஒரு தம்பி இலங்கை ரயில்வேயின் எம் 2 டீசல் இயந்திரத்தை மாதிரியாகக் கட்டினார். 1954 இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கி, அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அதே இயந்திரம்தான். நிறமும் முகப்பும் அச்சொட்டாக அமைந்திருந்தன. மேசையில் கவிழ்த்து வைத்தால் சில்லுகள் தடையின்றிச் சுழன்றன. தண்டவாளத்தில் நிமிர்த்தி வைத்தவுடன் நின்றுவிட்டன. “அண்ணா, இந்த மோட்டர் காணாது, பெரிசு ஒண்டு போடுவம்” என்றார். பொறும் தம்பி, கழற்றிப் பார்ப்போம் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுமுறை வந்தபோது அவருடைய கையில் கருகிய மணத்தோடு இரண்டு மோட்டர்களும் முறுகிப்போன ஓர் அச்சும் இருந்தன.

அந்த மாதிரியில் மோட்டருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. அடிச்சட்டத்தை மெல்லிய தட்டுகளை மாத்திரம் அடுக்கிக் கட்டியிருந்தார். அதன் நடுவில் ஆறு பென்சில் பற்றரிகளோடு பெட்டி அமர்ந்திருந்தது. கவிழ்த்து வைக்கும்போது அந்தப் பாரம் மேசையில் தங்கிவிடும். நிமிர்த்தினால் சட்டம் நடுவில் தொய்யும். மோட்டரிலிருந்து புறப்பட்ட அச்சு மூன்று துளைகளினூடாகச் சென்றது. சட்டம் தொய்ந்தவுடன் மூன்று துளைகளும் ஒரே கோட்டிலிருந்து விலகி அச்சை இறுகப் பிடித்துக்கொண்டன. கவிழ்த்தால் ஓடும், நிமிர்த்தினால் நிற்கும் என்பதே சட்டம் வளைகிறது என்பதற்குப் போதுமான சாட்சியம். அதை வாசிக்கப் பொறுமை இல்லாமல் போனதுதான் இழப்புக்குக் காரணம்.

இறுகிய மோட்டருக்குள் நடப்பதை விளங்கிக்கொண்டால் கூடுதல் வோல்ற்றளவு ஏன் ஆபத்து என்பது தெளிவாகும். சுழலும் மோட்டர் தனக்கு வரும் மின்னோட்டத்தைத் தானே எதிர்த்துக் கட்டுப்படுத்துகிறது. நின்றுபோன மோட்டரில் அந்த எதிர்ப்பு இல்லாததால் மின்னோட்டம் உச்சத்துக்குப் போய், முழுவதும் வெப்பமாக மாறுகிறது. முழுதாக மின்னேற்றிய மூன்று கல லிதியம் பற்றரி 12.6 வோல்ற் தரும். அது 9 வோல்ற்றின் 1.4 மடங்குதான் என்றாலும், நின்ற மோட்டரில் வெப்பம் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். லெகோ மோட்டருக்குள் வெப்பம் மிஞ்சினால் மின்னோட்டத்தைக் குறைக்கும் பாதுகாப்புக் கூறு இருக்கிறது. ஆனால் 9 வோல்ற்றுக்காக அமைக்கப்பட்ட அதை நம்பி 12 வோல்ற்றில் விளையாடுவது முறையல்ல. நகல் மோட்டர் வாங்கியவர்கள் அப்படியொரு காவல் உள்ளே இருப்பதாக எண்ணவே கூடாது. 2007 இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையின் இடத்தை 2018 முதல் பவர்ட் அப் வரிசை பிடித்துக்கொண்டதால், பழைய மோட்டர் ஒன்று கருகினால் அதற்கு ஈடாகப் பெரும்பாலும் பாவித்த மோட்டரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சில்லைக் கையால் சுழற்றிப் பாருங்கள். விரலுக்கு இறுக்கமாகப்படுவது மோட்டருக்கும் இறுக்கந்தான். பிறகு ஒவ்வொரு கியராகப் பிரித்து, எந்த இடத்தில் இறுக்கம் விடுபடுகிறது என்று தேட வேண்டும். அச்சை நிறுத்தும் புஷ் என்ற சிறு வளையம், பீம் என்ற துளையுள்ள சட்டத்தோடு நெருக்கி அழுத்தப்பட்டிருப்பதே அனேகமாகக் காரணமாக இருக்கும். ஒரு கடதாசி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும். மல்ரிமீற்றர் வைத்திருப்பவர்கள் மோட்டர் தனியாகச் சுழலும்போது எடுக்கும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் பூட்டிய பின் மீண்டும் அளக்கலாம். எம் மோட்டர் வெறுமையாகச் சுழலும்போது 100 மில்லியம்பியருக்குக் குறைவாகவே எடுக்கும். ஒரு கியரைச் சேர்த்தவுடன் அந்த அளவு பாய்ந்து ஏறினால் பிழை அந்தக் கியரில்தான் இருக்கிறது.

சட்டம் தொய்வதற்கு மருந்து செங்குத்தான கட்டு. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தட்டின் உயரம் 3.2 மி.மீ., கட்டையின் மேலுள்ள குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ. துளையுள்ள இரண்டு ரெக்னிக் கட்டைகளுக்கு நடுவில் இரண்டு தட்டுகளை வைத்தால் துளைக்குத் துளை சரியாக 16 மி.மீ. வரும், அது இரண்டு குமிழ்த் தூரம் என்பதால், நிமிர்ந்து நிற்கும் பீம் ஒன்றைப் பின் எனப்படும் சிறு முளைகளால் அங்கே பூட்டிவிடலாம். உப்புவெளித் தம்பியின் இயந்திரத்தில் இரு பக்கமும் இப்படிக் கட்டிய பிறகு, அவர் பலம் காணாது என்று ஒதுக்கிய அதே வகை எம் மோட்டரே இரண்டு ரயில் பெட்டிகளையும் சேர்த்து இழுத்தது.

வேகக் குறைப்பைத் தவறான முனையில் வைத்தல்

எம் மோட்டர் 9 வோல்ற்றில் பாரமின்றி நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்றுச் சுழலும். அதை 8 பல்லுக் கியரிலிருந்து 24 பல்லுக் கியருக்கு மாற்றினால் வேகம் மூன்றிலொன்றாகக் குறைந்து, உராய்வில் போவது நீங்கலாக முறுக்கு விசை மூன்று மடங்காகும். இந்தக் குறைப்பை மோட்டருக்குப் பக்கத்திலேயே செய்துவிட்டு, மூன்று மடங்கு விசையை நீண்ட அச்சொன்றின் வழியாகச் சில்லுக்கு அனுப்புகிறார்கள், அச்சு முறுகிவிடுகிறது. நீண்ட அச்சு வேகமாகவும் இலேசாகவும் சுழலட்டும். குறைப்பைச் சில்லுக்கு அருகில் வையுங்கள். பாரந்தூக்கிக்குத் திருகாணி போன்ற புழுக் கியர் நல்லது, ஏனெனில் மோட்டர் நின்றாலும் பாரம் கீழே இறங்காது. ஆனால் அது தன் அச்சை நீளவாக்கில் தள்ளும் என்பதால் இரு முனையிலும் தடுப்பு வேண்டும்.

அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதல்

லெகோ தண்டவாளத்தின் உட்பக்க இடைவெளி 37.5 மி.மீ. எமது அகலப்பாதை 1676 மி.மீ.; ஆகவே விகிதம் ஏறக்குறைய 1:45. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் சில, பல நாடுகளிலுள்ள 1435 மி.மீ. பாதைக்காக 1:38 விகிதத்தில் வரையப்பட்டவை. எமது ரயிலை அந்த விகிதத்தில் கட்டினால் வண்டி பாதையை மீறிப் பருத்துவிடும். மோட்டரும் தேவையற்ற பாரத்தைச் சுமக்க நேரிடும். ஒரு மீற்றருக்கு மூன்று குமிழுக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மோட்டரின் வயரையே வெட்டுதல்

வேறு மின்வழியோடு இணைக்க வேண்டுமானால் நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி அதை வெட்டுங்கள். மோட்டரின் சொந்த வயரைத் தொடாதீர்கள். பவர் ஃபங்ஷன்ஸ் வயரில் நான்கு இழைகள் உள்ளன. ஓரத்து இரண்டும் 9 வோல்ற்றும் 0 வோல்ற்றும். நடுவிலுள்ள இரண்டுமே மோட்டரைச் சுழற்றுபவை. ஓரத்து இழைகளில் மின் கொடுத்துவிட்டு, மோட்டர் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

கிறீஸ், எண்ணெய்

தேவையில்லை. கண்ட எண்ணெயையும் பூசினால் கட்டையின் பிளாஸ்ரிக்கில் வெடிப்பு விழக்கூடும்.

பற்றரியைப் பெட்டிக்குள் விட்டு வைத்தல்

விடுமுறை முடிந்ததும் மாதிரியை அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அல்கலைன் பற்றரி கசிந்தால் உலோகத் தொடுகைகள் அரித்துப்போகும். கடற்கரை ஊரின் ஈரக்காற்று மிச்ச வேலையைச் செய்துவிடும். கசிவு காரத்தன்மை உடையது என்பதால், பஞ்சில் சிறிது வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு நீரால் ஒற்றி நன்றாக உலர்த்தினால் பல பெட்டிகளைக் காப்பாற்றலாம். தொடுகை முழுவதும் பச்சை பூத்து உதிரத் தொடங்கிவிட்டால் பெட்டியை மாற்றத்தான் வேண்டும்.