"பாடி அண்ட் சோல்" சாக்ஸ்ல வாசிக்கணுமா? மொதல்ல வாயில பாடுங்க

பேண்ட் செட்டுல சாக்ஸ் வாசிக்கற தம்பிங்க நெறைய பேரு அமெரிக்க ஜாஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939-ல டெனர் சாக்ஸ்ல வாசிச்ச "பாடி அண்ட் சோல்"ங்கற பாட்டைக் கேட்டுப்போட்டு நேரா அந்த சோலோவையே பழக உக்காந்துக்கறாங்க, அது ஆவறதில்லீங்க, ஏன்னா அவரு ஆரம்பத்துல மெட்டை லேசா தொட்டுக் காமிச்சுட்டு ரெண்டு சுத்துல (ஒரு சுத்துன்னா பாட்டு முழுசா ஒரு தடவை) மிச்சம் பூராவும் அடியில ஓடற கார்டை, அதாவது சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டை மட்டும் புடிச்சுட்டு தன் பாட்டுக்கு போயிருவாரு, மெட்டு தெரியாதவனுக்கு இப்ப பாட்டுல எங்க நிக்கறோம்னே புரியாது.

அதனால மொதல்ல பாடுனதை கேளுங்க. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1940-ல பாடுனது இருக்கு. கூடவே பாடி, வார்த்தை முடியற எடத்துல மட்டும் மூச்சு எடுங்க. இன்னொரு டெனர்காரரு டெக்ஸ்டர் கார்டன் மேடையில பாட்டு வரியை மைக்ல சொல்லிப்போட்டு அப்பறம்தான் பேலட், அதாவது மெதுவான பாட்டு, ஊதுவாரு, சும்மா இல்லைங்க.

பாட்டு மொத்தம் 32 பார் (தாளக் கட்டு), எட்டெட்டா நாலு துண்டு. மூணாவதைத் தவிர எல்லாம் ஒரே மெட்டுத்தான். அந்த மூணாவதுதான் வில்லங்கம், கீ (சுருதி) அரை ஸ்வரம் மேல ஏறி, பாதியில ஒரு முழு ஸ்வரம் எறங்கீரும். டெனர்னா ஈ ஃப்ளாட்ல இருந்து ஈ, அப்பறம் டி. ஆல்டோன்னா பி ஃப்ளாட், பி, ஏ. இந்த எட்டு பாரை மட்டும் தனியா, மெதுவா, சலிக்கற வரைக்கும் வாசிங்க.

அடுத்தது சத்தம். ஊர்வலத்துல தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி ஊதிப் பழகுன வாய்க்கு இதுதான் கஷ்டம். கீழ் ஸ்வரத்துல தாடையை சித்த தளர்த்தி, ரீடை கடிக்காம, காத்து சத்தமும் சேந்து வர்ற மாதிரி ஊதணும். ரீடு காஞ்சு கெடந்தா இது வராது, நம்ம பக்கம் பாலக்காட்டுக் காத்து வேற, அதனால நல்லா நனைச்சுக்கோங்க. தோட்டத்துச் சாளையில போயி பழகுனா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

இப்பத்தான் சொந்த சரக்கு. மொத சுத்து மெட்டை அப்படியே. ரெண்டாவதுல வரி முடிஞ்சு வர்ற எடைவெளியில மட்டும் கார்டு ஸ்வரத்தை வெச்சு நாலு ஸ்வரம் சேருங்க, அது சரியா வந்தப்பறம் வரிக்குள்ளயே கை வையுங்க. மேல் ஸ்வரத்தை மொதல்லயே செலவு பண்ணிப்போடாதீங்க, ஹாக்கின்ஸே ரெண்டாவது சுத்து கடைசிக்குத்தான் உச்சத்துக்கு போறாரு. தாளம் தட்டற மெட்ரனோமை நிமிஷத்துக்கு 60 அடில வெச்சு வாசிச்சு போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க, இழுத்து வாசிக்கறேன்னு தாளத்தையே உட்டிருந்தா மறுபடியும் மெட்டுக்கே வந்துருங்க.