கோவெண்டர் என்றால் கோவிந்தன் இல்லை

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் குடியாத்தம் பக்கம். அப்பா கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை; 1980-இல் அரசு அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. பழைய கணக்குகளில் கிறுக்கலாக இருக்கும் ஆள் பெயர், ஊர்ப் பெயரெல்லாம் எனக்குப் படிக்க வரும் என்று மகள் தன் அலுவலகத்தில் யாரிடமோ பெருமையடித்திருக்கிறாள். விளைவு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் வாட்ஸாப்பில் வந்து சேர்ந்தார். அறுபத்தைந்து வயது. தமிழ் பேச வராது. குடும்பப் பெயர் கோவெண்டர். இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எந்த ஊர்ப் பெயர், அங்கே எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

முதல் மாதத்தை நான் வீணாக்கினேன். கோவெண்டர் என்றதும் கோவிந்தன்தான் என்று முடிவு கட்டி, கோவிந்தன், கோவிந்தசாமி என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வீட்டுக்காரி, “கவுண்டர்னு சொல்றாரோ என்னவோ” என்றாள். அதேதான். ‘கவுண்டர்’ என்று காதில் விழுந்ததை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி, எழுதியதை இன்னொருவர் எழுத்துக் கூட்டிப் படித்து, அப்படியே நின்றுவிட்டது. டர்பனில் கவுண்டன் என்றே பெயர் உள்ள குடும்பங்களும் இருக்கின்றன. சாதிப் பட்டம் ஒன்று, எழுத்துதான் வேறு.

இதே மாதிரி கேள்வி உங்களுக்கும் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. வேகமாக நாலு தடவை சொன்னால் போதும். மூட்லி என்பது முதலி. படயாச்சி என்பது படையாட்சி. ஆர்ச்சரி என்பது ஆசாரி; வில்வித்தை இல்லை! தேவர் ‘தாவர்’ ஆகியிருப்பார், உடையார் ‘ஒடயார்’ ஆகியிருப்பார். மூன்சாமி நம் முனுசாமி, கிஸ்டன் நம் கிருஷ்ணன். வடாற்காட்டில் இன்றும் கிஷ்டன் என்றுதானே கூப்பிடுகிறோம்? எழுதிய குமாஸ்தா அந்த அளவுக்கு நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்.

அடுத்து, அந்தப் பெயர் பட்டமா, தகப்பன் பெயரா என்று பாருங்கள். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, நாயக்கர், ரெட்டி, செட்டி எல்லாம் பட்டம். முனியன், பெருமாள், ஆறுமுகம், மாரிமுத்து எல்லாம் யாரோ ஒரு தாத்தாவின் சொந்தப் பெயர். நாம் இனிஷியலாகச் சுருக்கி முன்னால் போடுவதை அங்கே முழுசாகப் பின்னால் போட்டு, தலைமுறை தலைமுறையாக அதையே வைத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தென்னாப்பிரிக்க அணியில் ஆடும் செனுரன் முத்துசாமி, பிரேனெலன் சுப்ராயன் இருவரின் பெயரிலும் பின்னால் நிற்பது அப்படிப்பட்ட பெயர்தான். இந்த வகைப் பெயர் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் போனவர்களின் கப்பல் பதிவில் அந்த ஆளே அதே பெயரில் இருக்க வாய்ப்புண்டு.

பட்டப்பெயர் அப்படி இல்லை. கவுண்டர் என்று தெரிந்தவுடனே நான் இரண்டாவது தவறு செய்யப் போனேன்: கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் விசாரிக்கக் கிளம்பினேன். கொங்கு வேளாளருக்கு மட்டுமா கவுண்டர் பட்டம்? தர்மபுரி, சேலம், வடாற்காட்டு வன்னியர்களுக்கு உண்டு. ஜவ்வாது மலை, கொல்லிமலை மக்களுக்கு உண்டு. நாயக்கர் என்றால் தமிழ் பேசுபவராகவும் இருக்கலாம், தெலுங்கு பேசுபவராகவும் இருக்கலாம். பிள்ளை என்று போட்டுக்கொள்ளாத மாவட்டம் உண்டா?

இன்னொன்றும் உண்டு. கப்பல் ஏறியவர்களின் பதிவில் பெரும்பாலும் ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான் இருக்கும். பட்டம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஊரில் இல்லாத பட்டத்தை அங்கே போய்ப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதைக் கேட்பவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் முதுகொடியப் போன மனிதன் தனக்குப் பிடித்த பட்டத்தைப் போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டுமே என்பது என் கட்சி. இங்கே 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அங்கே அதற்குள் பட்டம் குடும்பப் பெயராக உறைந்துபோயிருந்தது. டர்பனில் ஒரு வகுப்பில் ஆசிரியர் “கோவெண்டர்” என்று கூப்பிட்டால் நாலைந்து பிள்ளைகள் எழுந்து நிற்பார்களாம். டர்பன் நண்பர் சொன்னது.

ஆகவே பெயரோடு மல்லுக்கட்டாதீர்கள். எண்ணைக் கேளுங்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நின்றது முதல், 1911-இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை, ஒப்பந்தத்தில் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாவற்றிலும் அந்த எண் தொடர்ந்து வரும். தாத்தா பாட்டியின் பழைய காகிதம் எதிலாவது அது இருக்கும். பெட்டியின் அடியில் கிடக்கும் கிழிந்த காகிதத்தைக்கூடப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லையென்றால், இறந்தவரின் சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பை அவர்கள் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். அதில் பெற்றோர் பெயர் இருக்கும்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பதிவில் அந்த ஆளின் வரியை எடுத்துவிடலாம். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு என்று வரி நீளும். அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். மேலே பத்து, கீழே பத்து வரி படியுங்கள். மனைவி, தம்பி, ஒரே ஊர்க்காரன் என்று பக்கத்துப் பக்கத்து எண்ணில் இருப்பார்கள். உங்கள் ஆளின் ஊர்ப் பெயர் புரியாவிட்டால் அடுத்த வரிக்காரனின் ஊர் கைகொடுக்கும்.

ஜில்லா விஷயத்தில் கவனம் வேண்டும், என் தொழில் புத்தி பேசுகிறது. பதிவில் வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூருக்கு வண்டி ஏறக் கூடாது. 1911 வரைக்கும் வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். சித்தூர், பலமநேர், சந்திரகிரியெல்லாம் அதற்குள் இருந்தவை, இன்று ஆந்திரம். திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. ஆகவே பழைய தாலுகா எல்லையை வைத்துத்தான் ஊரைத் தேட வேண்டும்.

ஊருக்குப் போன பிறகு பட்டா, செட்டில்மெண்ட் பதிவேடு என்று அலைய ஆசை வரும். எனக்கே வந்தது. ஆனால் போனவர்களில் நிலம் இருந்தவர்கள் குறைவு, பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கும்? அதைவிட, கோயில் பூசாரியையும் வயசான பெண்களையும் கேளுங்கள். டர்பன் குடும்பத்தில் என்ன சாமி கும்பிடுகிறார்கள், மூத்த பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை முன்னாலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. நண்பர் வீட்டில் மூன்று தலைமுறையிலும் ஒரு மன்னார் இருந்தார். பச்சையம்மன் மன்னார்சாமி கோயில் உள்ள ஊர்களை மட்டும் தனியாக எடுத்ததில் பட்டியல் பாதியாகக் குறைந்தது.

கப்பல் பதிவில் நண்பரின் மூதாதையின் வரியில் தாலுகா இருந்த இடத்தில் மை பரவியிருக்கிறது. அந்த ஊர்ப் பெயரில் பழைய வட ஆற்காட்டில் கடைசியாக மிஞ்சியது மூன்று ஊர். இரண்டுக்குப் போய்விட்டு வந்தோம். இரண்டிலும் காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்கள், ‘எங்க ஆளு’ என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது ஊர் சித்தூர் மாவட்டத்தில். பொங்கல் கழித்துப் போகலாம் என்றிருக்கிறோம். எனக்குத் தெலுங்கு அரைகுறை, அவருக்குத் தமிழே அரைகுறைகூட இல்லை. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.