டேபிள் எல்லாம் மேசை அல்ல

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம், நாலைந்து பேர் மொழிபெயர்ப்புப் பழக வருகிறார்கள். போன வாரம் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘டேபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவதில் 15 வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே பிழை மூன்று பேருடைய தாளிலும் இருந்தது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

டைனிங் டேபிளிலும் டைம் டேபிளிலும் யாரும் தவறுவதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

டேபிளின் வேர் லத்தீன் மொழியின் தபுலா. தபுலா என்றால் பலகை. பலகையில் சாப்பாடும் வைக்கலாம், எழுதவும் செய்யலாம். சாப்பாட்டுப் பக்கம் போனது மேசை ஆயிற்று. எழுத்துப் பக்கம் போனது அட்டவணை, வாய்ப்பாடு, பொருளடக்கம் எல்லாம் ஆயிற்று. நம்முடைய மேசையோ போர்த்துகீசியர் கொண்டுவந்த ‘மேசா’. அந்தச் சாமானுக்குப் பெயராக மட்டுமே நம்மிடம் தங்கிவிட்டது. டேபிள் செய்கிற வேலையெல்லாம் அதனால் ஆகாது.

வாட்டர் டேபிள்

நிலத்தடி நீர்மட்டம். மண்ணின் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் நீர் முழுக்க நிறைந்திருக்கும் பகுதியின் மேல்மட்டம் அது. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றியபோது ‘நீர் மேசை இறங்கியது’ என்று எழுதிக்கொண்டு வந்தார் ஒரு தம்பி.

டேபிள்லேண்ட்

பீடபூமி. நாம் குடியிருப்பதே அதன்மேல்தான், கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில்.

டேபிள் வினைச்சொல்லாக வந்தால்

இதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. தலைமை அலுவலகம் அமெரிக்காவில். மாதக் கூட்டத்தின் குறிப்பு ஆங்கிலத்தில் வரும். நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஒரு மாதம், இரவு ஷிப்டுக்கு பஸ் விடும் யோசனை ‘டேபிள்ட்’ என்று வந்தது. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகையில் மசோதா டேபிள்ட் என்றால் தாக்கல் ஆனது என்றுதானே அர்த்தம்? ‘யோசனை முன்வைக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டேன். குறிப்பை எழுதியவர் அமெரிக்கர். ஒத்திவைக்கப்பட்டது என்பதைத்தான் அவர் அப்படி எழுதியிருந்தார்.

ஆறு வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். தாள் போர்டிலேயே இருந்தது. பஸ் பற்றிய வரிக்கு அடியில் யாரோ நீல மையால் கோடு போட்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண், “அக்கா, இதைத் தமிழ்ல எழுதுறது நீங்கதானே? பஸ் எப்பலேருந்து விடுறாங்க?” என்று கேட்டார். அந்த பஸ்ஸை நம்பி, தொலைவில் வாடகை குறைந்த வீட்டுக்கு அவர் மாறியிருந்தார். அன்றைக்கே திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவர் பழைய வீட்டில் அதற்குள் வேறு ஆள் குடிவந்தாயிற்று.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கில் அவையின் மேசைமேல் ஒரு தாளை வைப்பது, உறுப்பினர்கள் எடுத்துப் பார்த்துப் பேசுவதற்காக. அமெரிக்க வழக்கில் மேசைமேல் வைத்தால், கையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அங்கே பிரதிநிதிகள் சபையில் டேபிள் செய்யும் தீர்மானம் நிறைவேறினால், விவாதமே இல்லாமல் அந்த விஷயம் முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டுப் படைத்தலைமைகளும் இந்தச் சொல்லால் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஒரு தாளை அவசரமாக டேபிள் செய்யவேண்டும் என்றார்கள் பிரிட்டிஷார். அமெரிக்கருக்கு அது தாளை மூட்டை கட்டி வைப்பதாகப் பட்டது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்பது கடைசியில்தான் தெரிந்தது.

தமிழில் முன்வை, ஒத்திவை இரண்டிலும் ‘வை’ இருக்கிறது. அதன்முன் சேரும் சொல்தான் பொருளை நேர் எதிராக்குகிறது. ஆங்கிலக்காரர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லியே தீரவேண்டும். அங்கே ஊகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள். அடுத்த வரியில் தேதியோ பொறுப்பாளர் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தெளியாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். பெங்களூர் அலுவலகங்களில் ஒரே கூட்டத்தில் லண்டன்காரரும் அமெரிக்கரும் நம்மவரும் இருப்பார்கள், ஆளுக்கு ஓர் அர்த்தத்தில் பேசுவார்கள். இன்னொன்று: ‘ஆன் தி டேபிள்’ என்றால் அமெரிக்கருக்கும் அது பேச்சில் இருக்கும் விஷயம்தான். வினைச்சொல்லாகும்போது மட்டும் கவிழ்ந்துவிடுகிறது.

லெய்ட் ஆன் தி டேபிள்

இது செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்கு. நம் நாடாளுமன்றத்தில் இதற்கு ‘அவை முன் வைக்கப்பட்டது’ என்று மட்டுமே பொருள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை அரசியல் சட்டத்தின் 151ஆம் பிரிவுப்படி இரு அவைகளிலும் வைக்கிறார்கள். ‘அவை ஏற்றுக்கொண்டது’ என்று எழுதினால், நடக்காததை நடந்ததாக வாசகரிடம் சொல்கிறோம்.

ஆஃப் தி டேபிள்

கைவிடப்பட்டது.

அண்டர் தி டேபிள்

கணக்கில் காட்டாமல் கொடுத்தது. எப்போதும் லஞ்சம் என்று எழுதாதீர்கள், ரொக்கமாகக் கொடுத்த கூலியாகவும் இருக்கலாம்.