பதிவுப் பக்கத்தோடு திரும்பிய பயனர்கள்

எங்கள் செயலியின் முதல் வடிவம் வெளியானபோது, பதிவுப் பக்கம் வரை வந்தவர்களில் பலர் அதைத் தாண்டாமலேயே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வடிவமைப்பாளரை அமர்த்தப் பணம் இல்லாத நிலையில், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை நம்பி, புதியவர்கள் சிலரிடம் செயலியைக் கொடுத்துவிட்டு, குறுக்கே பேசாமல் அருகில் அமர்ந்து கவனித்தேன். நிறங்களுக்கும் அசைவூட்டத்துக்கும் பிறகு செலவிடலாம்; இந்தக் கவனிப்பைத் தொடக்க நிறுவனம் தள்ளிப்போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடவுச்சொல்லில் எண் ஒன்று இருக்க வேண்டும் என்ற விதி, பொத்தானை அழுத்திய பிறகே சிவப்பில் தோன்றியது. கூடவே, அதுவரை நிரப்பிய விவரங்கள் அனைத்தும் அழிந்துபோயின. (அந்த இடத்தில் ஒருவர் கைப்பேசியைக் கீழே வைத்தேவிட்டார்.) விதியைக் கட்டத்துக்கு மேலேயே எழுதி, நிரப்பியவை அழியாதபடி நிரலைத் திருத்தியதும், பாதியில் விலகுவோர் வெகுவாகக் குறைந்தனர்.