கப்பல் பட்டியலில் பூட்டன் பெயரைத் தேடுவது எப்படி

"நம்ம பூட்டன் கப்பலேறி நெட்டாலுக்குப் போனவரு" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்களும் ஆசையாக, அப்படிக் கப்பலேறிப் போனவர்களின் பெயர்களை எழுதிவைத்த பழைய கப்பல் பட்டியலைத் திறந்து முனுசாமி என்று ஆங்கிலத்தில் தட்டியிருப்பீர்கள், ஒன்றும் வந்திருக்காது, அல்லது ஐம்பது முனுசாமி வந்து நின்றிருப்பார்கள். பெரும்பாலும் ஆள் அங்கேதான் இருப்பார், எழுத்துதான் வேறு.

நெட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து அங்குள்ள டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நெட்டாலுக்குப் போனார்கள், அதில் பெரும்பகுதி மதராஸில் ஏறியவர்கள். இவர்கள் பெயரைச் சொல்ல, குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். அதனால் உங்கள் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழ் தெரியாத ஒருவர் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள்.

வெள்ளைக்காரக் காது தடுமாறிய இடங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான். குறில் அகரம் பல இடங்களில் 'யு' ஆகிவிடும். ஆறுமுகத்தின் கடைசி எழுத்துகள் 'ஜி யு எம்' என்று முடியும், பழனியில் பகரத்துக்கு அடுத்து 'யு' நிற்கும். உகரத்துக்கு இரண்டு 'ஓ' போடுவார்கள். அதுவே ரியூனியன் மாதிரி பிரெஞ்சுக்காரர் ஆண்ட தீவு என்றால் 'ஓ யு', ஆக முத்துசாமி அங்கே 'எம் ஓ யு' என்று தொடங்குவார். சகரம் 'எஸ்' ஆகவும் வரும், 'சி எச்' ஆகவும் வரும், எனவே சின்னசாமியை அகரவரிசையில் இரண்டு இடத்தில் தேட வேண்டும். ழகரத்தைக் கேட்கவே வேண்டாம், நாமே ஒழுங்காகச் சொல்வதில்லை.

பட்டப்பெயர்கள் இன்னும் தூரம் போயிருக்கின்றன. கவுண்டர் நெட்டாலில் கோவெண்டர், முதலியார் மூட்லி, நாயக்கர் நைக்கர். ஆனால் இன்றைய பட்டப்பெயரை வைத்துச் சாதியை முடிவு செய்துவிடாதீர்கள், கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்தில் வேறு எதுவாவது இருக்கலாம்.

அப்புறம், நமக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. மொரீஷியஸில் வீரப்பன் என்பது இன்று ஒரு குடும்பத்தின் பெயர் என்றால், முதலில் போய் இறங்கியவரின் சொந்தப் பெயரே அதுவாக இருந்திருக்கலாம். அவருக்கு முந்தைய தலைமுறையில் வீரப்பனைத் தேடிப் பயனில்லை, பட்டியலில் தகப்பன் பெயருக்கென்று இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அண்ணன் தம்பி இருவரும் போயிருந்தால் பிள்ளைகள் இரண்டு வேறு குடும்பப் பெயர்களில் கிளைத்திருப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

சில தளங்கள் ஒலியை வைத்துத் தேடித் தரும். அப்படித் தேடும் முறைகளில் பழையது சவுண்டெக்ஸ், 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்களை எண்ணாக்கும். ஆறுமுகத்துக்கு இது நன்றாக வேலை செய்கிறது. சின்னசாமியின் முதல் எழுத்து மாறுவதால் அங்கே கைவிட்டுவிடும். கவுண்டரும் கோவெண்டரும் நடுவில் ஒரு 'வி' நுழைந்ததால் வேறு வேறு எண்ணாகிவிடுவார்கள். ஆகவே நம் பெயர்களுக்கு, எந்த எழுத்துக்கும் எத்தனை எழுத்துக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறிதான் (*) கைகொடுக்கும். வம்சாவளி தேட உதவும், இலவசமான ஃபேமிலிசர்ச் தளத்தில் மெய்களை மட்டும் தட்டி, உயிரெழுத்து வரும் இடத்திலெல்லாம் நட்சத்திரம் போடுங்கள். ஒரே ஓர் எழுத்து மட்டும் சந்தேகம் என்றால் கேள்விக்குறி. மூலப் பக்கத்தின் படம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், கையெழுத்தில் 'யு'வும் 'என்'னும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தட்டச்சு செய்தவர் மாற்றிப் படித்திருப்பார்.

சரி, ஒத்துப்போகிற பெயர் கிடைத்துவிட்டது, உடனே சொந்தம் கொண்டாட வேண்டாம். நெட்டால் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, கப்பல், தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஏதாவது பழைய காகிதத்தில் அந்த எண் கிடைத்தால் பெயரோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் இருக்கின்றன, பலருடைய புகைப்படத்தோடு.

கிராமப் பெயரும் அதே காதால் கேட்டு எழுதியதுதான், அதையும் வாய்விட்டுப் படியுங்கள். ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் சித்தூர்ப் பக்கமும் தேடுங்கள், 1911 வரை அதுவும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. வயது நாலைந்து வருஷம் தள்ளியிருந்தால் பரவாயில்லை, அன்றைக்கு யார் கணக்கு வைத்தார்கள். தகப்பன் பெயரும் ஊரும் இரண்டுமே ஒட்டவில்லை என்றால் அந்த முனுசாமியை விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.